உன்னைக் கேக்காம வாங்கின மீன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நானும் அம்மாவும் நல்லாத்தான் இருக்கோம், நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காத் தூங்கி நல்லா இருக்கேன்னு நம்பறேன். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதுக்குக் கடுதாசி எழுதறார்னு பதறாதே, பதறற மாதிரி எதுவும் இல்ல. ஃபோன்ல சொன்னா பாதியிலயே நீ 'அப்பா!'ன்னு கத்துவே, நான் சொல்ல வந்ததை விட்டுட்டு அம்மா கையில ஃபோனைத் திணிச்சுட்டு நழுவிடுவேன். அதனாலதான் பேப்பர். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கத்து.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ஒருவழியா பகல் டூட்டி கொடுத்துட்டாங்க. வார்டுக்கே இப்போ அவதான் பெரிய நர்ஸ், அந்த அதிகாரம் வீடு வரைக்கும் கூடவே வருது. எனக்கு அதே லிஃப்ட், அதே கிரீஸ், அதே 'மெக்கானிக் எப்போ வருவார்'. சித்தப்பாவுக்கு முட்டி வலி தேவலை, அதனால வாரா வாரம் வந்து நிக்கறார்.

இப்போ விஷயத்துக்கு வரேன். நீ கிளம்பறப்போ உன் கடல் மீன் தொட்டி மேல ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போனியே, தண்ணி எப்போ மாத்தணும், உப்பு எவ்வளவு, விளக்கு எத்தனை மணி நேரம்னு, அதுல கடைசியில 'என்னைக் கேக்காம புது மீன் விடக்கூடாது'ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டிருந்தே. அந்த ரெண்டு கோட்டையும் தாண்டிட்டேன். ஆனா அதுக்கும் முன்னாடி நான் பண்ணின கூத்து ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். நாலு மாசம் முன்னாடி பாறை ஓரத்துல பழுப்பா, தலைவிரிச்ச குட்டிக் குடை மாதிரி ஒண்ணு முளைச்சிருந்தது. பார்க்க அழகாத்தான் இருந்தது. பத்து நாள்ல அது அஞ்சாச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது அது களைன்னு, பக்கத்துல இருக்கற எதையும் கொட்டிக் கொட்டியே சாகடிக்குமாம். உன் பச்சைப் பவளம், நீ வேலைக்குச் சேர்ந்த வாரம் நகத்தளவு வாங்கிட்டு வந்து உள்ளங்கை அளவுக்கு வளர்த்தியே, அது அந்தப் பக்கம் விரியவே இல்ல. அப்பவே உன்னைக் கேட்டிருக்கணும். முப்பது வருஷமாத் துருவைச் சுரண்டிப் பழகின கை கேக்குமா, ஸ்க்ரூ டிரைவரைக் கழுவி எடுத்துட்டு வந்து அஞ்சையும் சுரண்டிப் போட்டுட்டு அம்மாகிட்ட மார் தட்டிக்கிட்டேன். ரெண்டு வாரத்துல அஞ்சு இருந்த இடத்துல நாப்பது. சுரண்டின துணுக்கு ஒவ்வொண்ணும் போய் ஒட்டின இடத்துல முளைச்சிருக்கு, நானே விதைச்சு விட்டிருக்கேன். அந்தச் சமயத்துலதான் நீ ஃபோன்ல பவளம் எப்படி இருக்குன்னு கேட்டே. ஜம்முனு இருக்குன்னு சொன்னேன். பொய் பாப்பா. அன்னிக்கு அது பாதி வெளுத்துப் போயிருந்தது.

நான் மாசா மாசம் சர்வீஸுக்குப் போற ஆறு மாடிக் கட்டடம் ஒண்ணுல, கீழ் தளத்துல தொட்டியில வளர்க்கற கடல் மீன் விக்கற கடை இருக்கு. அந்தக் கடைக்காரம்மாகிட்ட நடந்ததைச் சொன்னேன். கையை வெச்சீங்களா, எல்லாரும் முதல்ல அதைத்தான் பண்றாங்கன்னு சொல்லிட்டு ஒரு மீனைக் காட்டினாங்க. பட்டாம்பூச்சி மீன். வெள்ளை உடம்புல ஆரஞ்சுப் பட்டை, பின்னாடி கண்ணு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, மூக்கு மட்டும் என் குறடு மாதிரி நீளமா இருக்கு. அந்த மூக்கைச் சந்து பொந்துல எல்லாம் விட்டு அந்தக் களையைக் கொத்தித் தின்னுமாம். உடனே பையில போடுங்கன்னேன். போட மாட்டேன்னுட்டாங்க. இது தொட்டாச்சிணுங்கி சார், இடம் மாறினாலே சாப்பிடாது, பட்டினி கிடந்தே செத்துப் போகும், களையைத் தின்னும்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது, இது வந்தே மூணு நாள்தான் ஆகுது, நீங்க பார்க்கறப்போ அது சாப்பிட்டா எடுத்துட்டுப் போங்கன்னாங்க. அந்த வாரம் நாலு தடவை யூனிஃபார்மோட போய் நின்னேன், வாட்ச்மேன் லிஃப்ட்டு அறுந்துடுமான்னு பயந்து கேட்டார். நாலாவது தடவை என் கண்ணு முன்னாடி ஒரு இறால் துணுக்கை எடுத்துச்சு. வாங்கிட்டேன்.

அம்மா கதவைத் திறந்தா. சீட்டைப் பார்த்தா, பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. திட்டு விழும்னு நினைச்சேன். அவ என்னடான்னா, புதுப் பேஷண்டை யாராவது நேரா வார்டுக்குள்ள விடுவாங்களா, முதல்ல தனியா வைங்கன்னு பின்பக்க பாத்ரூமைக் காலி பண்ணிட்டா. அங்க ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, ஹீட்டர், பம்பு, ஒளிஞ்சுக்க ரெண்டு குழாய்த் துண்டு. மெடிக்கல் ஷாப்புல குளுக்கோஸ் ஏத்தற டியூப் வாங்கிட்டு வரச் சொல்லி, வாளியில இருந்த மீனுக்குப் புதுத் தண்ணி பழகட்டும்னு பெட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டா, வாட்ச்சைப் பார்த்துச் சொட்டை எண்ணிக்கிட்டே ஒன்றரை மணி நேரம். கதவுல 'பார்வையாளர் நேரம் காலை ஆறு, மாலை ஆறு'ன்னு எழுதி ஒட்டினா. மூக்கன்னு பேர் வெச்சதும் அவதான்.

மூக்கன் சாப்பிடல. முதல் நாள் சாப்பிடல, ரெண்டாம் நாள் சாப்பிடல. ஐஸ்ல வெச்ச இறால், பொடிப் புழு, எதைப் போட்டாலும் கிட்ட வந்து மூக்கால மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். நாலாம் நாள் வயிறு உள்ள ஒட்டிப் போச்சு. நான் பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். சித்தப்பா வந்து பார்த்துட்டு, இந்தக் கவனிப்புல பாதி என்னைக் கவனிச்சிருந்தா நானும் டாக்டர் ஆகியிருப்பேன்னார். எனக்குச் சிரிப்பு வரல. ஒரு உயிரைத் தூக்கிட்டு வந்து பாத்ரூம்ல அடைச்சுக் கொல்றோமேன்னுதான் இருந்தது. ஆறாம் நாள் அம்மா டூட்டி முடிஞ்சு வரும்போது மார்க்கெட்டுல உயிர்ச் சிப்பி வாங்கிட்டு வந்தா. சாப்பிட மாட்டேங்கற பேஷண்டுக்குத் தட்டை மாத்திப் பார்க்கணும்னு சொல்லி, கத்தியால பிளந்து ஓட்டோடயே அடியில வெச்சா. ரெண்டு பேரும் மூச்சுக் காட்டாம நின்னோம். மூக்கன் சுத்திச் சுத்தி வந்தான். ஓட்டுக்குள்ள மூக்கை விட்டான். ஒரு இழு. இன்னொரு இழு. நான் போட்ட சத்தத்துல மேல் வீட்டுக்காரர் என்ன சார் ஆச்சுன்னு இறங்கி வந்துட்டார். அம்மா மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா.

மூணு வாரம் கழிச்சுப் பெரிய தொட்டிக்கு மாத்தினோம். உன் மஞ்சள் மீன் இருக்கே, அந்த ரவுடி சும்மா இருப்பானா, வந்தவனை மூலைக்கு மூலை துரத்தினான். கடைக்காரம்மா சொன்ன யோசனைப்படி என் ஷேவிங் கண்ணாடியைத் தொட்டி வெளிப்பக்கம் ஒட்டினேன். ரவுடி அதுல தெரியறவனோட ரெண்டு நாள் மல்லுக்கட்டி ஓஞ்சு போயிட்டான், நானும் ரெண்டு நாள் தாடியோட வேலைக்குப் போனேன். அதுக்குள்ள மூக்கன் பாறையெல்லாம் சுத்திப் பார்த்து, முதல் களையைக் கொத்தினான். இப்போ எண்ணிப் பார்த்தா நாப்பதுல மிச்சம் மூணு. பவளம் போன ஞாயித்துக்கிழமை வெளுத்த பக்கமும் விரிஞ்சது. ஓரத்துல ஒரு விரல் அகலம் செத்ததுதான், அது திரும்பாது, மன்னிச்சுக்கோ. மீதியெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு. இந்தத் தடவை நிஜமாவே சொல்றேன்.

இன்னொண்ணு. போன வருஷம் உனக்கு அங்க வேலை போனதை, வேற வேலையில சேர்ந்த அன்னிக்குத்தான் எங்களுக்குச் சொன்னே. மூணு மாசம் மறைச்சியே, நாங்க என்ன வெளி ஆளான்னு கேட்டு உன்னைப் பேசாத பேச்சுப் பேசினேன், ஒரு மாசம் ஒழுங்கா முகம் கொடுக்கல. மூக்கன் பட்டினி கிடந்த அஞ்சாம் நாள் நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கும்போது நீ கூப்பிட்டே. என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டே. ஒண்ணுமில்லையேன்னு சொல்லி வெச்சுட்டேன். வெச்சப்புறம்தான் உறைச்சது. ஏமாத்தணும்னு நான் சொல்லல, நல்லபடியா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னுதான். நீயும் அந்த மூணு மாசம் இப்படித்தான் தனியா உக்காந்திருப்பே. நான் ஒரு வாரம் மீனுக்காக உக்காந்ததையே தாங்கல. அன்னிக்கு நான் பேசினது தப்பு பாப்பா. நேர்ல சொல்ல வாய் வராது, அதனால எழுதறேன்.

இனிமே முடியறவரைக்கும் காத்திருக்காம நடுவுலயே சொல்லிக்கலாமா, நீயும், நானும்? நல்லா இரு, எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடி வரட்டும், நீ நினைக்கற நேரத்துல நாங்க ரெண்டு பேரும் உன் பக்கத்துலதான் இருக்கோம். கடைவாய்ப் பல்லை டாக்டர்கிட்டக் காட்டறேன் காட்டறேன்னு தள்ளிப் போடாதே. சரி, நானே ஆரம்பிச்சு வைக்கறேன். அடுத்த மாசம் எனக்கு வலது கண்ணுல புரை ஆபரேஷன், முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு அம்மா சொன்னா. இன்னும் முடியல. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா