உன் டைரியின் எழுதாத பக்கம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கஞ்சி வடித்தேன். குடிப்பதற்கு அல்ல. வக்கீல்கள் கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டையை அதில் முக்கிப் பின்பக்கக் கொடியில் காயப் போட்டேன். இத்தனை வருஷம் அது துவண்டு கிடந்தாலும் பொருட்படுத்தியதில்லை. வாய்தா வாங்க அது போதும். கையில் ஒட்டிய கஞ்சி மணம் கழுவிய பிறகும் போகவில்லை. அந்த மணத்தோடு நீ வந்துவிட்டாய். பரீட்சைக்கு முன்பே பட்டை வாங்கிக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தவள் நீ. "கட்டத்தான் நாளாவும், காய வைக்க இன்னா?" என்பாய்.

நம் வகுப்பில் முப்பது வயதைத் தாண்டிச் சட்டக் கல்லூரிக்கு வந்த பெண்கள் நாம் இரண்டு பேர்தான். நான் பள்ளிக்கூட வேலையை விட்டு வந்தவள். நீ மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள குப்பத்தில் மீன் விற்பவளின் மகள். உன் வீட்டுக்காரர் கேளம்பாக்கம் உப்பளத்தில் சம்பாதித்ததில் படித்தாய். பி.எல். முடித்தால் மட்டும் அப்போது கவுன் போட முடியாது. ஒரு வருஷம் சீனியரிடம் பயிற்சி. கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்த வழக்குகளை டைரியில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பார் கவுன்சில் பரீட்சை. எழுபத்தொன்றில் செங்கல்பட்டில் ஒரே சீனியரிடம் இருவரும் சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி உங்கள் குப்பத்துக்கு வந்துவிடுவேன். வலை உலர்த்தும் இடத்துக்குப் பக்கத்தில், கரையேற்றிய கட்டுமரத்தின் மேல் சாட்சியச் சட்டத்தைப் பிரித்து வைத்துக்கொள்வோம். காற்று பக்கத்தைப் புரட்டாமலிருக்க நீ மேலே ஒரு சங்கை வைப்பாய். ஒரு நாள் உன் அம்மாவைச் சாட்சியாக நிறுத்தி என்னைக் குறுக்கு விசாரணை செய்யச் சொன்னாய். அம்மா கூடையை இறக்காமலே நின்றாள்.

"இந்த மீன் இன்று பிடித்ததுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், தயவுசெய்து சொல்ல முடியுமா?" என்றேன்.

"வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா நவுரு" என்று அம்மா போய்விட்டாள்.

நீ மணலில் விழுந்து சிரித்தாய். "கேள்வி கேக்க சொன்னா மன்னாப்பு கேட்டுகினு கீறியேம்மே."

நான்கு பேர் கூடப் பிறந்த வீட்டில் வளர்ந்தும் அப்படி ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அன்று திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் வரை நானும் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தேன். சப்-கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு முழுதாக நடந்து முடிந்தது. நீ உன் டைரியைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தாய். நான் கேட்டுத்தான் கொண்டுவந்தாய். யார் வாதாடினார், சாட்சி எங்கே தடுமாறினார், எல்லாவற்றையும் நான் பார்த்ததுபோல் என் டைரியில் எழுதிக்கொண்டேன். சீனியர் கத்தையாகக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் செய்வதுதான்.

ஐப்பசி மழையில் ஏரி உடைத்துச் சாலை துண்டான வாரத்தில் நீ வர முடியவில்லை. டைரிக் கணக்குக்கு உனக்குப் பாக்கியிருந்த கடைசி வழக்கு அந்த வாரம்தான் நடந்தது. மழை விட்டதும் கோர்ட்டுக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் உன்னிடம் என் டைரியை நீட்டினேன். நீ வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய். டைரியை வாங்கக்கூட இல்லை.

"நான் பாக்கலியேம்மே."

"சீனியர் படிச்சா பார்க்கப் போறாரு?"

"அவரு பாக்க மாட்டாரு. நான் பாத்துகினுதான இருப்பேன். நாளைக்கு கூண்டுல ஒருத்தன நிக்க வச்சி, நீ பாத்தியான்னு இன்னா மூஞ்ச வச்சுகினு கேக்கறது?"

"அப்போ நான் எழுதினது?"

"அது உன் டைரி. எனக்கு இன்னா. பஸ்ஸு வருது பாரு, ஏறு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நீ என் கையில் கொஞ்சம் கடலையைக் கொட்டிவிட்டுப் போய்விட்டாய்.

ஒரு வழக்கு குறைந்ததால் உன்னை அந்த வருஷம் பரீட்சைக்குச் சேர்க்கவில்லை. பட்டணத்தில், ஒரு பெரிய கூடத்தில், நான் மட்டும் உட்கார்ந்து எழுதினேன். தேறினேன். நீ அடுத்த வருஷம் எழுதுவதாக இருந்தாய். அதற்குள் மஞ்சள் காமாலை. காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் உன் டைரியை என்னிடம் கொடுத்தார். "இத நான் வச்சுகினு இன்னா பண்ணப் போறேன்" என்றார். கடைசிப் பக்கத்தில் வழக்கு எண் மட்டும் எழுதி, கீழே வெற்றாக விட்டிருந்தாய். கொஞ்ச நாளில் பயிற்சியும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை.

கவுன் போட்டு ஏழு வருஷம் ஆகிறது. பிராது எழுதுவேன், மனு எழுதுவேன். என் எழுத்தை நீதிபதிகள் மெச்சுகிறார்கள். ஆனால் இன்றுவரை ஒரு சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. எழுந்து நின்றால் காய்ச்சலில் எழுதிய அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் வரும். வாய்தா கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இதை வெட்கம் என்று சீனியர் நினைக்கிறார். இந்த வீட்டில், ஒரு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, எத்தனையோ சாயங்காலங்களில் உன்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சீனியருக்குக் கண்ணில் ஆப்பரேஷன். நாளைய வழக்கு என் தலையில். உங்கள் பக்கத்துக் குப்பத்து மீன்காரி ஒருத்தி, வீட்டோடு சேர்ந்த மனையைப் பறிகொடுக்கும் நிலையில் இருக்கிறாள். அவள் கைநாட்டு வைத்து விற்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவன் சாட்சி சொல்லிவிட்டான். நாளை அவனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"அன்னிக்கு அந்தாளு அச்சரப்பாக்கத்துல கொழுந்தியா கல்யாணத்துல இருந்தாம்மா. இன்னாத்த பாத்தான்? இந்த வாட்டியாவது கேப்பீங்களா, இல்ல மறுபடியும் வாய்தாவா?"

குமாஸ்தா அவளை அதட்டினார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்ன ஒருவனை, அதே காரியத்தைச் செய்த நான் எப்படிக் கேட்பது?

கஞ்சி வடித்த பிறகு இரண்டு டைரிகளையும் எடுத்தேன். என்னுடையதில் அந்தப் பாகப்பிரிவினைப் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தேன். 'இதை நான் பார்க்கவில்லை' என்று எழுதி இன்றைய தேதி போட்டேன். உன் கடைசிப் பக்கத்தைத் தொடவில்லை. நாளைய வழக்கை அதில் எழுதலாமா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். நீ திட்டுவாய். அது வெற்றாகவே இருக்கட்டும்.

இப்போது பட்டை காய்ந்துவிட்டது. நகத்தால் தட்டினால் சத்தம் வருகிறது. எந்த மாசம், எந்த ஊர், பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிவிட்டேன். தயவுசெய்து என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

குமாஸ்தா வழக்கம்போல வாய்தா மனுவை டைப் அடித்து வழக்குக் கட்டோடு வைத்துக் கொடுத்திருக்கிறார். சீனியரும் நான் அதைத்தான் கொடுப்பேன் என்று நிம்மதியாகப் படுத்திருப்பார். யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த மனு இங்கே மேஜை மேலேயே கிடக்கும். நான் அதை எடுத்துப் போகப் போவதில்லை.