சிவப்பாய் எரிந்த ஆயில் லைட்

செப்டம்பர் 3, புதன்

சிவகாசியில் பாண்டிச்செல்விக்கு ஸ்கேன் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் காரில் ஆயில் லைட் எரிந்தது. பின்சீட்டில் ஒன்பது மாச வயிற்றோடு மகள். "அது என்னப்பா சிவப்பா?" என்றாள். "சும்மா, அழகுக்குத்தா" என்றேன். நிறுத்தினால் பயப்படுவாள் என்று நிறுத்தாமல் ஓட்டினேன். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் இன்ஜின் இறுகிப்போகும் என்று தெரிந்தும்தான்.

18-ஆம் தேதி பிரசவம் என்கிறார்கள். விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 4

சாத்தூர் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார். "ஆயில் பம்பு போயிருச்சு. இன்ஜின இறக்கணும். பதினஞ்சு நாளாவும்" என்றார். பிரசவத்துக்குப் பதினாலு நாள். கணக்கில் நான் மட்டம், இது மட்டும் சட்டென்று வந்தது.

"நூத்தியெட்டக் கூப்பிட்டாப் போச்சு, விடுங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி வேலுத்தாய். போன மாசம் பக்கத்துப் பட்டாசு யூனிட்டில் வெடித்த அன்று எல்லா ஆம்புலன்ஸும் அங்கேதான் நின்றன. இப்போது தீபாவளி சீசன் வேறு. அவளும் என்னோடு பட்டாசு பேக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறவள். அவளுக்கும் இது தெரியும்.

செப்டம்பர் 5

ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி ஆறு தடவை பார்த்தேன். ஆயில் இருக்கிறது. நிம்மதிதான் இல்லை.

செப்டம்பர் 6, சனி

தாயில்பட்டி மணிகண்டராஜ் வந்தான். என்னோடு பத்தாவது பெயிலானவன். அவன் மட்டும் மெக்கானிக்காகி உருப்பட்டுவிட்டான். கட்டைவிரல் அளவு ஆயில் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டினான்.

"ஸ்டார்ட் பண்ணுலே."

சாவியைத் திருப்பினேன். முள் எழுந்து நாற்பதில் நின்றது.

"பிரஷரு கல்லு மாதிரி இருக்கு. லைட்டுதாம்லே பொய் சொல்லுது."

சென்சாரைத் திருப்பி மாட்டினான். லைட் எரிந்தது. அதன் வயர் பிளக்கைப் பிடுங்கி உள்ளே விரலால் துடைத்தான். விரல் வெள்ளியாய் மின்னியது. என்னையே பார்த்தான்.

"இன்ஜின எத வச்சுலே தொடச்ச?"

வளைகாப்பு அன்று வண்டி பளபளக்கட்டும் என்று துடைத்தேன். கம்பெனியில் அலுமினியப் பவுடர் துடைத்துப் போட்ட பனியன் துணி. தண்ணீர் டிரம்மில்தான் போட வேண்டும், கேட்டைத் தாண்டக் கூடாது. நான் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். சும்மா கிடைக்கிறதே!

"அது கரண்ட கடத்தும்லே. எண்ணெப் பிசுக்கோட பிளக்குக்குள்ள அப்பி லைட்ட எரிய விடுது. இன்ஜின் சூட்டுக்குப் பத்திக்கிறாம இருந்துச்சே. நீயெல்லாம் பட்டாசு கம்பெனில இருவது வருசமா?"

பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டினான். லைட் அணைந்தது. போகும்போது, "கேஜ வச்சுப் பாத்துட்டுத்தான் பொய்யுங்கேன். நீயா நெனச்சுச் சொல்லிராத" என்றான். நான் பலமாகத் தலையாட்டினேன். பத்தாவதிலும் இப்படித்தான் ஆட்டினேன்.

செப்டம்பர் 7

தெரு முழுக்க சென்சார் பாடம் எடுத்தேன். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார்.

செப்டம்பர் 8, திங்கள். ஆஸ்பத்திரி பெஞ்சு. ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

காலையில் ஊர் நர்ஸம்மா வந்து செல்விக்கு பிரஷர் பார்த்தார். நூற்று அறுபது. உடனே விருதுநகருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். நான் என்ன சொன்னேன்? எழுதவே கூசுகிறது. "மிசின்லதாம்மா கோளாறு. பிளக்கக் கழட்டித் தொடச்சுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தல பொளக்குதுப்பா. கண்ணு மங்குது. ஒங் காருக்குன்னா கேஜ வச்சுப் பாத்த. எனக்கு மட்டும் ஒன் வாயே போதுமா?"

108-க்குப் போன் செய்தால், வர முக்கால் மணி நேரம் என்றார்கள். காரை எடுத்தேன். ரோட்டைவிட அந்த லைட்டைத்தான் அதிகம் பார்த்தேன். எரியவில்லை. எரியாததும் பொய்யாக இருந்தால்? பின்னால் வேலுத்தாய் செல்வி தலையை மடியில் வைத்துக்கொண்டு, "முன்னால பாத்து ஓட்டுங்க, முன்னால பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இங்கே வேறு மிஷின். நூற்று எழுபது. டாக்டர், "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா வலிப்பு ஜன்னி வந்திருக்கும்" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

கோளாறு மிஷினில் இல்லை. என்னிடம்.

இன்னும் கதவு திறக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பேத்தி. இரண்டு கிலோ நானூறு. செல்விக்கு பிரஷர் இறங்கிவருகிறது.

மதியம் அவள் விரலில் மாட்டியிருந்த மிஷின் திடீரென்று கீ கீ என்று கத்தியது. செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். கிளிப் விரலிலிருந்து கழன்றிருந்தது, அவ்வளவுதான். "இதுக்கா பெருசு இப்படி ஓடியாந்தீக?" என்று சிரித்தார்.

சாயங்காலம் மறுபடி கத்தியது. மறுபடி ஓடினேன்.