நோரீனின் பங்கு

வடக்கே, ஒரு காட்டிலிருந்து
17 அக்டோபர் 1943

திருமதி ஹாலிஸ் அவர்களுக்கு,

தந்தி இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். அதை முந்திக்கொண்டு என் கடிதம் வந்துவிடக் கூடாதே என்று சில நாள் எழுதாமல் இருந்தேன். என் பெயர் ரெக் பாஸ்கோ. புரோக்கன் ஹில் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். எழுதிப் பழக்கமில்லாத கை, பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் க்ளாரியும் நானும் ஒரே கூடாரம். மலைப் பாதையில் அவன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஒரே குண்டு. வலி தெரிந்திருக்காது. இறந்தவன் வீட்டுக்கு எல்லோரும் இப்படித்தானே எழுதுவார்கள் என்று நினைப்பீர்கள். பக்கத்திலேயே இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

உங்கள் மகள் நோரீனை எங்கள் கூடாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ரொட்டியில் தடவுகிற அந்தக் கறுப்பு உப்புப் பசை, வெஜிமைட், எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று கடைக்காரர் சொன்னதும், "அப்போ என் பங்கும் அப்பாவுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வெறும் வெண்ணெய் ரொட்டி சாப்பிடுகிறாளாமே! அந்தக் கடிதத்தை க்ளாரி எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பான் என்று கணக்கே இல்லை. ஆனால் அவனுக்கு வெஜிமைட்டைக் கண்டாலே ஆகாது, உங்களுக்குத் தெரியாததா? "வண்டி மைடா இது. ஊருல இருக்கற அச்சாணிக்கெல்லாம் போதும்" என்பான். பட்டாள ரேஷனில் டப்பா வந்ததும், இதுதான் அவள் பங்கு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட்டில் கொஞ்சம் தடவி விழுங்குவான். "பிள்ளைகிட்ட பொய் சொல்லக் கூடாதுல்ல" என்பான். பிறகு "பங்கு வந்தது" என்று அவளுக்கு எழுதிவிட்டு டப்பாவை என்னிடம் தள்ளுவான். எனக்கு அது உயிர். சின்ன வயதிலிருந்து அதில்தான் வளர்ந்தேன்.

கடைசியாக வந்த டப்பாவை அவன் திறக்கவில்லை. என் பையில்தான் இருக்கிறது. எனக்கும் திறக்க மனம் வரவில்லை.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
ரெக் பாஸ்கோ


மெர்ட்டன் கிரீக், கிப்ஸ்லாந்து
21 நவம்பர் 1943

அன்புள்ள திரு பாஸ்கோ,

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டிலில் நின்று படித்தேன். வீட்டுக்குள் படிக்க முடியாது, அதற்குக் காரணம் இருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்று தெரிந்தது பெரிய ஆறுதல். நீங்கள் எழுதியது மாதிரியே மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் விழுங்குவது கண்ணில் தெரிந்தது. கொட்டிலில் மாடுகளைத் தவிர யாருமில்லை, நன்றாக அழுதேன்.

நோரீனுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆகஸ்டில் அவளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயத்தில் இறங்கிவிட்டது. ஆறு வயதுக் குழந்தை, எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் லின்டன் படுக்க வைத்திருக்கிறார். தந்தியை அவரிடம் காட்டினேன். "இப்ப சொல்லாதீங்க. அந்த இருதயம் இதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பள்ளிக்கூடம் போகவில்லை, யாரும் வந்து உளறவும் வழியில்லை. அதனால் நான் நடித்துக்கொண்டிருக்கிறேன்.

தினமும் கேட்கிறாள்: "அப்பா எழுதினாரா? பங்கு வந்துச்சாமா?" நான் என்ன சொல்வேன்?

கேட்கவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஒரே ஒரு கடிதம் க்ளாரி எழுதுவது போல எழுதித் தருவீர்களா? நான் எழுதலாம், ஆனால் தபால்காரர் வருவதைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். பட்டாள முத்திரை போட்ட உறையை வெகுதூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். கையெழுத்து அவளுக்குப் புரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன்.

முடியாது என்றால் கோபப்பட மாட்டேன்.

தெல்மா ஹாலிஸ்


12 டிசம்பர் 1943

திருமதி ஹாலிஸ்,

இறந்தவன் பெயரில் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் இருதயம் என்கிறீர்கள். இதோ:

"என் தங்கம் நோரீன், உன் பங்கு பத்திரமாக வந்தது. ரொட்டியில் தடவிச் சாப்பிட்டேன், அருமையாக இருந்தது. டப்பாவை வழித்துத் துடைத்துவிட்டேன். அம்மா சொல்வதைக் கேட்டுச் சமர்த்தாகப் படுத்திரு. அப்பா."

இதை எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

ரெக் பாஸ்கோ


மெர்ட்டன் கிரீக்
16 ஜனவரி 1944

அன்புள்ள திரு பாஸ்கோ,

ஐயோ, என்ன காரியம் செய்தீர்கள்! க்ளாரி வெஜிமைட்டை "அருமை" என்பானா? நீங்கள்தானே அவன் வண்டி மை என்று திட்டுவான் என்று எழுதினீர்கள்! இது எங்கள் வீட்டில் பழைய சண்டை. அவன் அவளுக்கு மீன் எண்ணெய் ஊட்டுவான், அவள் துப்புவாள். பட்டாளத்துக்குப் போனதும் அவளுக்குக் கொண்டாட்டம்: "இப்போ அவரு அதைச் சாப்பிட்டே ஆகணும்! எனக்கு மீன் எண்ணெய் குடுத்தாருல்ல?" பதிலுக்கு அவன் பக்கம் பக்கமாகப் புலம்புவான். அந்தப் புலம்பலைக் கேட்டுச் சிரிக்கத்தான் அவள் காத்திருப்பாள்.

உறையைக் கண்டதும் அவள் போட்ட சத்தத்தில் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவும் மறந்தேன். "அருமையாக" என்று வாயில் வந்த பிறகுதான் உறைத்தது. வலிந்து சிரித்துக்கொண்டே மீதியைப் படித்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "இன்னொரு தடவை படி" என்றாள். அவ்வளவுதான். கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை நன்றாகத் திட்டி எழுதுங்கள். ஆமாம், அடுத்த முறை என்றுதான் எழுதியிருக்கிறேன். டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை.

இங்கே காடெல்லாம் காய்ந்து கிடக்கிறது, பால் குறைந்துவிட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்களுக்கு எழுத யார் இருக்கிறார்கள்? இதுவரை கேட்காமலே வேலை வாங்கிவிட்டேன்.

தெல்மா ஹாலிஸ்


27 பிப்ரவரி 1944

அன்புள்ள தெல்மா அவர்களுக்கு,

பொய் சொல்வதிலும் பிழை விட்டிருக்கிறேன், பாருங்கள். எனக்குப் பிடித்ததை அப்படியே எழுதிவிட்டேன். இதோ திருத்திய பதிப்பு:

"நோரீன் கழுதைக்குட்டி, உன் பங்கு வந்து தொலைந்தது. ஒரு கரண்டி விழுங்கியதும் காதிலே புகை வந்தது. எதிரி வந்தால் இதைத்தான் அவன் மேல் வீசுவதாக இருக்கிறேன். அடுத்த தடவை ஜாம் அனுப்பக் கூடாதா? அப்பா."

எனக்கு எழுத யாருமில்லை. அம்மா போய் ஆறு வருடமாகிறது. தபால் பை வரும்போது மற்றவர்கள் எல்லாம் ஓடுவார்கள், நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன். இப்போது நானும் ஓடுகிறேன். நம்மை இணைப்பது ஒரு பொய்தான் என்றாலும், பையிலிருந்து என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இதைச் சொல்வது தவறென்றால் கிழித்துப் போடுங்கள்.

ரெக்


மெர்ட்டன் கிரீக்
23 ஏப்ரல் 1944

அன்புள்ள ரெக்,

கிழிக்கவில்லை. நோரீன் மருந்து அலமாரியின் பின்னால் வைத்திருக்கிறேன்.

கழுதைக்குட்டிக்குச் சிரித்தாள். ஆனால் கொஞ்சம் மரியாதைக்குச் சிரித்தது போல, விருந்தாளி சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பார்களே, அப்படி. நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்னவோ.

கவலை வேறு. காய்ச்சல் தணிந்தும் உடம்பு தேறவில்லை, கை குச்சியாக இருக்கிறது. ரொட்டியை இரண்டு கடி கடித்துவிட்டு வைத்துவிடுகிறாள். வெஜிமைட் இருந்தால் முழு ரொட்டியும் உள்ளே போகும், அதன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. கடைக்காரர் பர்டெட் பழைய வாடிக்கை என்று எங்களுக்கு ஒரு ஜாடி ஒதுக்கித்தான் வைக்கிறார். வாங்கி வந்தால் தொட மாட்டேன் என்கிறாள். "அது அங்க போகணும்" என்கிறாள். டாக்டரே சொல்லிப் பார்த்துவிட்டார். அப்பன் பிடிவாதம் அப்படியே.

அவள் அப்பா சொன்னால் கேட்பாள். "நீயே சாப்பிடு" என்று கண்டித்து எழுதுங்கள், ரெக். இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டேன்.

தெல்மா


ராணுவ மருத்துவமனை, குயின்ஸ்லாந்து
4 ஜூன் 1944

அன்புள்ள தெல்மா,

மலேரியா என்று இங்கே கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பல் கிடுகிடுப்பதில் எழுத்துதான் கோணலாக வருகிறது.

"நோரீன், அப்பா உத்தரவு போடுகிறேன். இங்கே எங்களுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. இனி உன் பங்கை எனக்கு அனுப்ப வேண்டாம், எனக்கு வேண்டவே வேண்டாம். நீயே சாப்பிட்டு எழுந்து நட. அப்பா."

இத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன், தெல்மா. க்ளாரியின் டப்பா என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் பெயரை எழுதிக் கையெழுத்திடும்போது அது என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது போலிருக்கிறது. முன்பு எனக்கு உயிராக இருந்தது, இப்போது காலை உணவில் அந்த வாசம் வந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிறேன். அவளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூடாது என்றால், கடிதம் வரவில்லை என்று சொல்லுங்கள்.

ரெக்


மெர்ட்டன் கிரீக்
2 ஜூலை 1944

அன்புள்ள ரெக்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உத்தரவுக் கடிதத்தை அவள் கட்டிலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். "எனக்கு வேண்டவே வேண்டாம்" என்ற இடத்தில் அவள் முகம் கோணிவிட்டது.

"பாவம், அவருக்குப் பிடிக்குமே. ஏன் வேண்டாங்கறாரு?" என்றாள்.

"யாருக்குடி பிடிக்கும்? அப்பாவுக்கா?"

"அப்பா இல்ல. இதை எழுதறவரு."

அவள் என் கையிலிருந்த கடிதத்தை மெதுவாக வாங்கி மடித்தாள். "அப்பா வண்டி மைன்னுதான் சொல்லுவாரு. 'அருமை'ன்னு எழுதினது வேற யாரோ. அப்பவே தெரிஞ்சிடுச்சும்மா, அப்பா செத்துட்டாருன்னு."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். படிக்கறப்ப நீ சிரிச்சியே."

ரெக், அந்த ஜனவரியிலிருந்து என் குழந்தை இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் கதவுக்கு வெளியே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வருவேன். எனக்காக அவளும் சிரித்துக்கொண்டு, "இன்னொரு தடவை படி" என்றிருக்கிறாள். அவள் இருதயம் தாங்காது என்று டாக்டரும் நானும் பேசிக்கொண்டோம். எங்களை விட அதிகம் தாங்கியிருக்கிறது. தாங்கியிருக்கவே கூடாது, ஆறு வயதில்.

"அப்புறம் எதுக்குடி வெஜிமைட் வேண்டாம்னே?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்குத்தான் பிடிக்காது. அங்க பிடிச்சவரு ஒருத்தரு இருக்காருல்ல. அவருக்கு வேற யாரும் அனுப்ப மாட்டாங்களோ என்னவோ."

அன்று சாயங்காலம் மாடுகள் கறவைக்குக் கத்திக்கொண்டே இருந்தன. நான் போகவில்லை. க்ளாரி போன பிறகு முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். உங்களைப் பற்றி எல்லாம் சொன்னேன்: பெயர், சுரங்கம், அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு டப்பாவை உங்களிடம் தள்ளியது, மலேரியா, கட்டிலுக்கடியில் இருக்கும் டப்பா, நீங்கள் இப்போது சாப்பிடுவதில்லை என்பது வரை. கவனமாகக் கேட்டாள்.

மறுநாள் பர்டெட் கடையிலிருந்து எங்கள் ஜாடியை வாங்கி வந்தேன். அவளே தடவினாள், பார்த்தாலே தெரியாத அளவுக்கு மெல்லியதாக. ஒரு துண்டு முழுவதும் தின்றாள். தின்னும்போதும் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

க்ளாரியாக நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களையும் அவனுடைய கடிதங்களோடு சேர்த்துக் கட்டிவைக்க நான் போனேன். அவள் விடவில்லை, அவற்றைத் தனியாக வைக்கச் சொன்னாள். அது அப்பா எழுதியதில்லையே என்றாள். அவள் சொன்னபடியே வைத்திருக்கிறேன். நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம், ரெக். எனக்காகச் செய்ததற்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. இனி எழுத மனமிருந்தால் உங்கள் பெயரில் எழுதுங்கள்.

கீழே அவள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

தெல்மா

"ரெக் மாமா, அப்பா டப்பாவை நீங்க திறங்க. அது என் பங்குதான், நான்தான் அனுப்பினேன். அப்பா எப்பவும் உங்களுக்குத்தானே குடுப்பாரு. மூக்கைப் பிடிச்சுக்க வேண்டாம், உங்களுக்குப் பிடிக்கும். சாப்பிட்டு முடிச்சதும் 'பங்கு வந்தது'ன்னு எழுதுங்க. அருமையா இருந்தா அருமைன்னே எழுதுங்க. நோரீன்."