கசக்காத மாத்திரை

ஜூன் 2

எதையும் கழற்றி மாட்டும் என் அன்புத் தம்பி ஸ்க்ரூவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுத மனம் வரவில்லை. அம்மாவின் எலும்பில் இருக்கும் நோய் இடுப்பிலிருந்து முதுகுக்கு ஏறிவிட்டது. “இனி வலிக்குத்தாம்மா வைத்தியம், நோய்க்கு இல்ல. மூணு மாசம் தாங்கலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ மறுவாழ்வு இல்லத்துக்குப் போய் நூற்றிருபது நாள் ஆகிறது. லிப்ட் ரிப்பேருக்குப் போய்க் குழியில் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவனுக்குக் கொடுத்த வலி மாத்திரை, ஆளையே விழுங்கும் என்று யார் கண்டார்கள்? குளியலறையில் மூச்சுப் பேச்சில்லாமல் நீ கிடந்த அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. அதுவரை உன் முதலாளியிடம் காய்ச்சல், காய்ச்சல் என்று நான்தான் பொய் சொன்னேன். ஒரே வருஷத்தில் உனக்கு வந்த அத்தனை காய்ச்சலும் ஊரில் வேறு யாருக்கும் வந்திருக்காது. என் தையல் மிஷினைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் விற்றாய்.

ஆனால் அம்மாவின் வலி மாத்திரையில் மட்டும் நீ கை வைக்கவில்லை. காலையும் மாலையும் டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஒன்றுகூடக் குறைந்ததில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் உன்னை வரச் சொல்கிறேன். பகலில் நான் கடைக்குப் போய்த் தைத்தால்தான் அடுப்பு எரியும். அம்மாவை நீ பார்த்துக்கொள். டப்பா சாவியையும் உன்னிடமே தருகிறேன்.

உன்
அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

அம்மாவைப் பற்றிப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இங்கே ஓர் அறையில் ஆறு கட்டில். ஓடாத மின்விசிறி இரண்டைச் சரிசெய்தேன். கை நடுங்குவது குறைந்திருக்கிறது. எங்களுக்குப் புத்தி சொல்பவர் பதினோரு வருஷம் குடித்து, பிறகு குடியை விட்டவர். எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறோம்.

இப்போது வர முடியாது அக்கா. இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். பகலுக்கு வேறு யாரையாவது ஏற்பாடு செய். சாவியெல்லாம் என்னிடம் வேண்டாம்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

பேஷ். மின்விசிறி ஓடுகிறதா, சந்தோஷம். இங்கே பெற்றவள் வாசல் பக்கமே முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால்கூட “அவனா பாரு” என்கிறாள்.

இல்லத்துக்கு போன் செய்தேன். வெளியே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். நீதான் வரமாட்டேன் என்கிறாயாம். என்னிடம் எதற்கடா பொய்? வருகிறாயா, இல்லையா? இல்லை என்றால் ஏன் என்று எழுது. அதையும் எழுத முடியாதென்றால் இனி எனக்குத் தம்பி இல்லை என்று தலைமுழுகிவிடுகிறேன்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தால் அடுத்த அறைக்குப் போய்ப் படி.

நீ சரியாகத்தான் எண்ணினாய். நீ எண்ணுவாய் என்று தெரிந்துதான், நீ தூங்கும்போது சாவியை எடுத்து டப்பாவைத் திறந்து, எடுத்த ஒவ்வொன்றுக்கும் பதிலாக அதே அளவில் வெள்ளைச் சத்து மாத்திரை ஒன்றைப் போட்டு வைத்தேன். இங்கே வருவதற்கு முந்தைய ஐந்து வாரமும் அப்படித்தான்.

மத்தியான வேளைகளில் அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாளே, அந்த நாட்கள்தான். “மாத்திரை போட்டும் வலிக்குதுன்னா நான் என்னம்மா பண்றது? கொஞ்சம் பொறுத்துக்கோயேன்!” என்று நீ கத்தினாய். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு வலி இல்லை. அவளுடைய மாத்திரை என் வயிற்றில் இருந்தது.

“இது நோய்தான். அது புரிஞ்சா வெட்கம் குறையும், பொறுப்பு குறையாது” என்கிறார் மாமா. பயமாக இருக்கிறது அக்கா. அம்மாவுக்கு மூன்று மாதம் என்று உன் கடிதத்தில் படித்ததும், டப்பாவில் எத்தனை இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. எனக்குச் சாவி தராதே.

தம்பி என்று போட்டுக்கொள்ளலாமா, தெரியவில்லை.

ஜூலை 8

தம்பிக்கு,

பதினெட்டு நாள் எழுதவில்லை. நீ தவிக்கட்டும் என்றுதான்.

நோயாம். அம்மாவுக்கும்தான் நோய். அவள் யார் மாத்திரையைத் திருடினாள்? உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். போட முடியவில்லை. நேராக அம்மாவிடம் போய், அன்று கத்தியதற்குக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“நாக்குல வெச்சதுமே தெரியும்டி. நிஜ மாத்திரை கசக்கும். அது கசக்கல.”

“ஏம்மா வாயத் திறக்கல?”

“சொன்னா நீ அவன வெளிய தள்ளிடுவ. வெளிய போனா செத்துப்போயிடுவான். எனக்கு வெறும் வலிதானே.”

வெறும் வலியாம்! எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் அவள்மேலும் வந்தது, பிறகு என்மேலும் வந்தது. அவள் வலியை மென்று விழுங்கினாள், நான் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேருமாக உன்னைக் குளியலறைத் தரைவரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அம்மா மன்னித்துவிட்டாள், அது அவள் பாடு. ஆனால் நீ இதை எழுதாமலே வந்து சாவியை வாங்கியிருக்கலாம். நானும் தந்திருப்பேன். அது எனக்குத் தெரிகிறது.

டப்பா இப்போது நம் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு நர்ஸம்மா வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றாகக் கொண்டுவந்து தருகிறார். ஞாயிற்றுக்கிழமை வா. மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. தனியாக வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

மத்தியான மாத்திரையை அம்மாவின் நாக்கில் நான் வைப்பேன். நீ தொடக் கூடாது. கசக்கிறதா என்று நீ அவளைக் கேட்க வேண்டும். கசக்கிறது என்று அவள் சொன்ன பிறகு, தண்ணீரை நீ கொடு.

அக்கா