ஜெஸி ஜெபிக்காத ஒரு வருடம்

என் பிரியமுள்ள லில்லி,

அடுத்த வாரத்தோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. சபைப் பத்திரிகையில் உன் நினைவுநாளுக்கென்று இடம் தந்திருக்கிறார்கள். உன் படத்தைப் போட்டு, கீழே கணவன், மகள், மகன் என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம். அப்படிச் செய்யத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும், உன்னிடம் ஒளித்த ஒன்றை நாலு பேர் முன்னால் வைத்துச் சொல்வதுதான் சரி என்று பட்டது. இடம் போதாவிட்டால் படத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் படம் உனக்கே பிடிக்காது.

முதலில் வீட்டு நடப்பு. சாம் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டான். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளிக்கூடப் பழக்கத்தில் பாதி மலையாளத்தில்தான் ஜெபிக்கிறான். யேசப்பாவுக்கு எல்லாம் புரியும் என்று எனக்கே ஆறுதல் சொல்கிறான். நான் ஆரியசாலையில் அதே மல்லி, மிளகாய் மொத்தக் கடையில்தான் இருக்கிறேன், அதே தும்மலோடு. கரமனை வீட்டையும் மாற்றவில்லை. என் மீன்குழம்பைப் பிள்ளைகள் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டில் அவ்வளவு நொட்டை சொன்ன பிள்ளைகள் இப்படி மாறியது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஏழு மணிக் குடும்ப ஜெபம் ஒருநாளும் தவறவில்லை. பாய் விரித்து மூன்று பேரும் உட்காருகிறோம். ஆனால் ஜெஸி ஜெபிப்பதில்லை.

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த சாயங்காலத்திலிருந்து இப்படித்தான். பாட்டுக்கு உதட்டை அசைப்பாள். அவள் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொள்வாள். கால் ஒடிந்த பூனைக்குட்டிக்கெல்லாம் மணிக்கணக்கில் ஜெபம் பண்ணி, நமக்குச் சோறு ஆறிப்போக வைத்த பிள்ளை அல்லவா அது?

கொஞ்ச நாள் துக்கம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் பொறுக்கவில்லை. என் குணம்தான் உனக்குத் தெரியுமே. ஜெபிக்காதவர்களுக்குச் சோறு கிடையாது என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நான்தான் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இன்னொரு நாள், "அம்மா மேல இருந்து பாத்துட்டு அழுவா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். தாயில்லாப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது?

போன மாதம் சாமுக்குக் காய்ச்சல் வந்தது. இந்த மழைக்காலத்தில் கரமனை முழுக்கக் காய்ச்சல்தான். இரண்டாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் முகத்தைச் சுளித்தார். ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருக்கின்றன, நாளைக்கும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி என்றதும் நீ கிடந்த கட்டில்தான் கண்முன் வந்தது, லில்லி. அன்று சாயங்காலம் சாமைப் பாயிலேயே படுக்கவைத்து ஜெபத்துக்கு உட்கார்ந்தோம்.

"மக்களே, தம்பிக்காக ஒரு வரி மட்டும் ஜெபம் பண்ணு. ஒரே ஒரு வரி" என்று அவள் கையைப் பிடித்தேன்.

கையை உதறிக்கொண்டு ஓடினாள். குளியலறைக்குள் போய்க் கொண்டி போட்டுக்கொண்டாள். நான் கதவைப் போட்டு இடித்தேன். திட்டினேன். என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"எனக்கு வய்யப்பா, முடியாது! நான் ஜெபிச்சா அவனும் மரிச்சுப் போவான்!"

இனி நீ அறியாததைச் சொல்கிறேன்.

நம் சபையில் சங்கிலி உபவாசம் நடக்கும், உனக்குத் தெரியும். யாராவது நோயில் கிடந்தால், ஒரு நாள்கூட வெறுமையாகப் போகாதபடி ஆளுக்கொரு நாளாகப் பங்கிட்டுக்கொண்டு பட்டினியிருந்து ஜெபிப்பார்கள். டாக்டர்கள் உன்னைக் கைவிட்ட வாரத்தில் நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு சங்கிலி போட நினைத்தேன். நீ கட்டிலில் படுத்துக்கொண்டே, "ஜெஸிய அதுல சேக்காதீங்க, வளர்ற பிள்ள" என்றாய். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து காலண்டரில் திங்கட்கிழமைகளுக்கு நேராக என் பெயரையும் வெள்ளிக்கிழமைகளுக்கு நேராக அவள் பெயரையும் எழுதினேன்.

சின்னப் பிள்ளைகளின் ஜெபத்துக்கு உடனே பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். பள்ளி விட்டு வரும்வரை தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? "ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தச் சங்கிலியும் போச்சு, பாத்துக்க" என்றேன். அதை நான் எங்கேயும் படிக்கவில்லை. எந்தப் போதகரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிள்ளை பயந்து ஒழுங்காக இருக்கட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஆண்டவர் பெயரைச் சேர்த்துச் சொன்னேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மீதியை அவள் சொன்னாள்.

"இன்டர்வெல்ல அஞ்சனா பர்த்டேன்னு முட்டை பப்ஸ் கொண்டுவந்தா. வேண்டாம்னுதாம்ப்பா சொன்னேன். பின்ன ஒரு கடி கடிச்சேன். பசிச்சுதுப்பா. முழுசும் தின்னுட்டேன்."

அது வெள்ளிக்கிழமை. நீ போனது சனிக்கிழமை காலையில்.

ஒரு வருடமாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள், பரீட்சை எழுதியிருக்கிறாள், தம்பிக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள். நான் அவளைப் பட்டினி போட்டுத் திருத்தப் பார்த்திருக்கிறேன். கதவுக்கு வெளியே ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு, என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். கொண்டியைத் திறந்து அவள் வெளியே வந்ததும், என் திங்கட்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். கடைக்கு லோடு வந்த ஒரு திங்கட்கிழமை தலைசுற்றல் தாங்காமல் இரண்டு பொரோட்டா தின்றதைச் சொன்னேன். அதற்கு அடுத்த திங்களும் அப்படியே. இதைக் கேட்டால் அவள் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நாம ரெண்டு பேரும் சேந்தாப்பா அம்மாவக் கொன்னோம்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், லில்லி? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"இல்ல மக்களே. அப்பா சொன்னது பொய்" என்றேன்.

"எது பொய்? சங்கிலியா, யேசப்பாவா?"

"சங்கிலி. சங்கிலிதான் பொய்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மக்களே. நம்புறேன்."

"அன்னைக்கும் நம்பித்தான சொன்னிய" என்றாள். குரலை உயர்த்தவில்லை. சாம் தண்ணீர் கேட்டான். எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள். நீ இருந்தவரை, பிள்ளைகளுக்கு ஜெபத்தைப் பாடம் மாதிரி ஒப்பிக்கக் கற்றுக் கொடுக்காதீர்கள் என்று என்னோடு சண்டை போடுவாய். உனக்கு விசுவாசம் மட்டு என்று நான் கேலி பண்ணுவேன். நம் இரண்டு பேரில் யாருக்கு மட்டு என்று இப்போது தெரிகிறது.

இதைப் படிக்கிற அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் நாம் போகிறபோக்கில் சொல்லிவிட்டு மறந்துபோவதைப் பிள்ளைகள் வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது பிள்ளை சில நாளாகத் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தால், அதட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

சாம் பிழைத்துக்கொண்டான். மறுநாள் ரத்தத்தில் அணுக்கள் ஏறியிருந்தன. நாலாம் நாள் தோசை கேட்டான். அன்று சாயங்காலம் நான் பாத்திரம் துலக்க, ஜெஸி பக்கத்தில் நின்று துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். என் மனசும் கொஞ்சம் லேசாயிற்று. அப்போது சொன்னாள்:

"நல்ல வேளப்பா. நான் ஜெபிக்கல."

 கையிலிருந்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் நிற்கிற பிள்ளையிடம் போய், அதுவும் தப்பு என்று எப்படிச் சொல்வது?

லில்லி, இது நான் உனக்குத் தருகிற வாக்கு. இனி அவளை ஜெபிக்கச் சொல்ல மாட்டேன். பாயில் அவளுக்கு இடம் இருக்கும், தட்டில் சோறு இருக்கும், இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. இந்த வீட்டில் இன்னொரு தடவை நோய் வரத்தான் செய்யும். அது எனக்கு வந்தால், பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அது உன்னால் இல்லை மக்களே என்று அவளிடம் வாயால் சொல்லி, தாளில் எழுதி என் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கையில் விழுவேன்.

உன் பேச்சைக் கேட்காத வீட்டுக்காரன்,
ஜெஸிக்கும் சாமுக்கும் அப்பா,
செல்லத்துரை