ரசத்துக்கு வந்த ஆறு

தை மாதம், வெள்ளிக்கிழமை. மணலூர்பேட்டை.

மூவுலகையும் நடுங்கவைக்கும் என் வாய், இன்று அக்கா மகள் செல்வியின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், "செல்வி ரசம் வெச்சா, வாசனைக்குப் பெண்ணையாறே கரையேறி எங்க தெருவுக்கு வந்துடும்" என்றேன். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னாங்க, வாயத் தொறந்தாலே பொய்யா? இந்த வூட்ல எதை நம்பறது?"

அக்கா பார்த்த பார்வையில் நான் பாதி சாம்பல். கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் தமிழ் படிக்கும் செல்விதான் முன்னால் வந்தாள்.

"ஆறு வந்துச்சின்னு நீங்க நம்புனீங்களாங்க?"

"அதை எவன் நம்புவான்?"

"அப்போ பொய் இல்லீங்க. இதுக்கு உயர்வு நவிற்சின்னு பேரு. நவில்றதுன்னா சொல்றது. மாமாவுக்கு எம்மேல பாசம் ஜாஸ்தி. அளவா சொன்னா பத்தாதுன்னு உசத்திச் சொல்லிக்கினு இருக்காரு."

அவர் உட்கார்ந்தார். மெல்லச் சிரித்தார். "எங்க மலையில சாமை அறுக்க ஏணி போடணும்மா. ஏறுவியா?"

"ரசத்தோட ஏறுவேங்க."

பங்குனியில் கல்யாணம்.

செல்விக்கு நன்றி எழுத உட்கார்ந்து, 'பதினான்கு லோகங்களிலும்' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். நன்றி, செல்வி. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.