உன் கையிலிருந்து வாங்காத பாத்திரம்

இன்று காலை தேவாலயத்துக்குள் நுழைந்ததுமே வார்னிஷ் வாசனை. புதிதாக மரத்தட்டுகள் வந்திருக்கின்றன. தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு வாய் மருந்து ஊற்றுகிற அளவுதான். இனித் திருவிருந்தில் திராட்சை ரசம் ஒரே பாத்திரத்தில் கைமாறி வராதாம்; ஆளுக்கொரு கிண்ணம். சுகாதாரத்துக்கு நல்லது என்றார் போதகர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. என் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாம் முதலில் சந்தித்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சீனப்பெண்ணுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது என்று எண்ணி, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் உன்னிடம் தடுமாறிக்கொண்டிருந்தேன். நீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு புள்ள இந்தப் பாடு? தமிழ்லயே பேசேன்" என்றாய். கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உன் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு புழுதியில் விளையாடி வளர்ந்தவள் நீ. திட்டுகிற தமிழில் என்னைவிட நீதான் கெட்டிக்காரி.

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் பிரஸ்பிட்டேரியன் சபையில் கொஞ்சம் பேர்தான். ரயில்வே பட்டறைத் துரைமார் சிலர், சீனக் குடும்பங்கள் சில, என் வீட்டுக்காரரைப் போன்ற தமிழ்க் குமாஸ்தாக்கள் சிலர். மற்ற வாரங்களில் அவரவர் பாஷையில், அவரவர் நேரத்தில் ஆராதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திருவிருந்து அன்றுதான் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். சபை மூப்பர் பாத்திரத்தைப் பெஞ்சின் முனையில் இருப்பவரிடம் கொடுப்பார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தருவார். வெளியே ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கவே யோசிப்பவர்கள் உள்ளே ஒரே விளிம்பில் வாய் வைப்போம். நீ எப்போதும் பெஞ்சின் முனையில், நான் உன் பக்கத்தில். நான் தாமதமாக வந்தால் உன் பாட்டுப் புத்தகத்தை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய்.

சனிக்கிழமைகளில் இருவரும் செந்தூலில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போவோம். பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பது, தையல், ஜெபம். நான் போன உடனே வேதவசனத்தைத் திறப்பேன். "மொதல்ல சோறு தின்னாங்களான்னு கேளு, அப்புறம் உன் வசனத்தச் சொல்லு" என்று என் கையிலிருந்து வேதாகமத்தைப் பிடுங்கி மூடுவாய். இரத்தமாக இருமிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு மடியில் தலையை வைத்துக் கஞ்சி ஊட்டினாய். நான் வாசலிலேயே நின்றேன். பிறகு நான் முழுகாமல் இருந்தேன். லயத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். நீ தனியாகப் போய்க்கொண்டிருந்தாய்.

மகள் பிறந்து ஐந்து மாதம் இருக்கும். உன் இருமல் அதற்குள் ஒரு வருடத்து இருமல். "மழைத் தண்ணி சேரல" என்று நீ சமாளிப்பாய். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். காசநோய். கைப்பிள்ளைக்காரி, கவனம் என்றாராம்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வேண்டுமென்றே தாமதமாக வந்தேன். உன் பக்கத்தில் பாட்டுப் புத்தகம் இருந்தது. நீ என்னைப் பார்த்துச் சிரித்து அதை எடுக்கப் போனாய். நான் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, உன்னைக் கவனிக்காதவள் போல உனக்கு முன் பெஞ்சில் ஒரு துரைசானி அருகே போய் உட்கார்ந்தேன். எங்கள் பெஞ்சுக்குப் பாத்திரம் முதலில் வரும் என்ற கணக்கும் எனக்கு இருந்தது. குடித்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தேன். இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். உன் இருமலுக்குப் பயந்து மற்றவர்கள் நகர்ந்துவிட்டதால் உன் பெஞ்சில் உன்னைத் தவிர யாருமில்லை. மூப்பர் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளும்வரை அப்படியே நின்றாய்.

வெளியே வந்தபோது நீதான் முதலில் பேசினாய். நாலடி தள்ளி நின்று, "நல்லா உருண்டுட்ட புள்ள. பாப்பாவுக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றாய். நான் சிரித்தேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் தெரியும், எந்த வார்டு என்பதும் தெரியும். குழந்தை இருக்கிறதே என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று.

உன்னை அடக்கம் செய்த பிறகு உன் அண்ணன் என்னைத் தேடி வந்தார். கடையைச் சாத்திவிட்டுக் கிள்ளானிலிருந்து வந்தவர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். நீங்க பயந்துக்கக் கூடாது. டாக்டர் சொன்ன நாள்லேருந்து அவ அந்தப் பாத்திரத்துல வாய் வைக்கல. சும்மா தூக்கி, குடிக்கிற மாதிரி காட்டிட்டு உங்க கையில குடுத்துருவா. ஒரு வருசமா அப்படித்தான். பிள்ளத்தாச்சிப் பொண்ணு, அவளுக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுன்னு சொல்லுவா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நானும் கேட்டேன். சொன்னா நீங்க தள்ளி உக்காந்துருவீங்களோன்னு பயந்தா. அவ கையிலேருந்து நீங்க வாங்குறது அவளுக்கு அவ்வளவு பெருசு."

குடிக்காத பாத்திரத்துக்குப் பயந்தா நான் ஓடினேன்? அந்த ஞாயிறைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கடைசி வரைக்கும் அவ பக்கத்துல உக்காந்தது நீங்க ஒருத்திதானாம். சாகுறதுக்கு மொத நாளும் அதத்தான் சொன்னா. ரொம்ப நன்றி தங்கச்சி."

அவரிடம்கூட நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து அதன் பிறகு இரண்டு முறை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். இரண்டு முறையும் அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், காப்பி வாங்கி வரச் சொன்னார், உன்னைப் பற்றி என்னோடு பேசக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டார். இரண்டு முறையும் சொல்லாமலே திரும்பினேன். போன வருடம் அவரும் போய்விட்டார். எனக்குச் சேராத அந்த நன்றி என்னிடமே தங்கிவிட்டது.